கல்லில் அமர்ந்த பறவைகள்

டெல்லியில் லோதி ரோட்டை அடுத்து வாழும் தமிழ் அன்பர்களுக்கு விடியற்கால உலாவுக்கு வாய்த்த இடம் லோதி தோட்டம். சையது, லோதி மன்னர்களின் சமாதிகளைச் சூழ 1936ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அப்பூங்காவில், மனிதர் எழுமுன்னரே பறவைகள் எழுந்துவிடுகின்றன. புல்வெளியில் கொண்டலாத்தி தன் விசிறிக் கொண்டையை விரித்தும் மடக்கியும் இரை தேடுகிறது. ஆலும் அரசும் பழுக்கும் நாட்களில் சாம்பல் நிற இருவாட்சிகள் கிளைக்குக் கிளை தாவுகின்றன. நம் ஊர் வயல் வரப்பில் கேட்ட ஆட்காட்டியின் குரலை ஒரு சுல்தானின் சமாதியருகே கேட்கும்போது, ஊரை விட்டு நாம் வெகுதொலைவு வந்துவிடவில்லை என்றே தோன்றுகிறது.

உலாவை முடித்துத் திரும்பியபின், அதே வட்டாரத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்திலோ, ஒரு விடுதியின் முன்னறையிலோ, அதே பறவைகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் காண்கிறோம். மங்கிய வெண்மையான தாள். நடுவே ஒரு கிளை. கிளையில் ஒரு பறவை. அடியில் சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் பெயர். கடந்த நூற்றாண்டுகளின் இயற்கை நூல்களில் இடம்பெற்ற வண்ணக் கல்லச்சுப் படங்கள் என்று இவற்றைச் சொல்லுகிறார்கள்.

நாம் அறிந்த அன்பர் ஒருவர் இத்தகைய கிளிப் படம் ஒன்றை, நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது என்ற உறுதிமொழியின் பேரில், கணிசமான விலை கொடுத்து வாங்கி வந்தார். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தபோது, கிளியின் பச்சை நிறம் முழுவதும் சிறுசிறு புள்ளிகளாக வரிசை பிறழாமல் நின்றது. அது அண்மைக் காலத்து அச்சு. பணம் போனதைவிட, தாம் ஏமாந்ததே அவருக்கு வருத்தம். அப்போது அவர் நம்மிடம் மூன்று வினாக்களை எழுப்பினார். இப்படங்கள் எவ்வாறு அச்சாயின? இவற்றை வரைந்தவர் யார்? உண்மையானதை நாம் எப்படி அறிவது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் இரண்டாவது வினா, அவர் எண்ணியதைவிடப் பெரியது. நம் நாட்டாருக்கு மிக நெருங்கியது.

எண்ணெயும் நீரும்

ஊரிலிருந்து முறுக்கோ அதிரசமோ கட்டி வந்த காகிதத்தில் எதையேனும் எழுத முயன்றவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் பேனா மை பிடிப்பதில்லை. எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள இந்தத் தீராப் பகையே கல்லச்சுக் கலையின் அடிப்படை.

ஜெர்மனியின் பவேரியா நாட்டில் வாழ்ந்த அலாய்ஸ் ஸெனபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தம் நாடகங்களைச் சிக்கனமாக அச்சிட வழி தேடினார். 1796ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனைகளின் பயனாக 1798 வாக்கில் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். அதற்கு ஏற்ற கல் ஸோல்ன்ஹோபன் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல். மிக நெருக்கமான மணிகளை உடைய அக்கல்லை மணலும் நீரும் இட்டு, மற்றொரு கல்லால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். பிறகு மெழுகும் கொழுப்பும் கரியும் கலந்த கோலால் ஓவியன் அதன்மீது நேராக வரைவான். வரைந்து முடிந்ததும், வேலம்பிசின் கரைசலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். கொழுப்புப் பட்ட கோடுகள் மையை ஏற்கும் தன்மையைப் பெறும். கொழுப்புப் படாத இடங்கள் நீரை ஏற்கும் தன்மையைப் பெறும். கல்லை நனைத்து மையுருளையை ஓட்டினால், கோடுகளில் மட்டுமே மை ஒட்டும். அதன்மீது தாளை வைத்து அழுத்த, படம் தாளில் இறங்கும்.

இதற்கு முன் பறவை நூல்களுக்குச் செப்புத் தகட்டில் படம் செதுக்கி வந்தார்கள். ஓவியன் ஒருவன், செதுக்குபவன் வேறொருவன். ஒருவனுடைய மென்மையான கோடு மற்றவனுடைய கூரிய உளியால் மறுபிறவி எடுத்தது. கல்லச்சிலோ ஓவியனின் கையே கல்லைத் தொட்டது. இறகின் மென்மை, தூவியின் படிப்படியான நிழல், கழுத்தில் கருமை சாம்பலாகி வெண்மையாகும் மாற்றம் ஆகியவற்றைக் காட்ட இதைவிட ஏற்ற முறை அந்நாளில் இல்லை. ஒரே ஓர் இடர்ப்பாடு உண்டு. கல்லில் வரைந்தது தாளில் இடம்வலமாகத் திரும்பிவிடும். ஆகையால் வலப்புறம் நோக்கும் பறவையைத் தாளில் காண விரும்பினால், கல்லில் அதனை இடப்புறம் நோக்க வைத்தல் வேண்டும்.

டெல்லி மாநகரும் இக்கலைக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கே உருது ஏடுகளும் நூல்களும் பெரும்பாலும் கல்லச்சிலேயே வெளிவந்தன. வளைந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்தை ஈயத்தில் வார்ப்பது கடினம். எழுத்தாளர் கையால் எழுதியதைக் கல்லில் ஏற்றுவது எளிது. எழுத்தின் வளைவைக் காத்த அதே கல்தான் இறகின் வளைவையும் காத்தது.

வண்ணம் வந்த வழி

வண்ணப் படம் என்றவுடன் வண்ணமும் கல்லிலிருந்தே வந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் சிறந்த பறவை நூல்களில் கல்லிலிருந்து வந்தது கறுப்புக் கோடும் நிழலும் மட்டுமே. வண்ணத்தை ஒவ்வொரு தாளிலும் மனிதர் கையால் தீட்டினர். முதலில் ஒரு மாதிரித் தாளுக்கு வண்ணம் கொடுத்து, நூலாசிரியர் அதைப் பார்த்து ஒப்புவார். பின்னர் வண்ணந்தீட்டுவோர் குழு அந்த மாதிரியை எதிரே வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான தாள்களுக்கு நீர்வண்ணம் பூசும். கண்மணியின் ஒளிக்கும் கரிய இறகின் பளபளப்புக்கும் வேலம்பிசினை மேற்பூச்சாக இடுவதும் உண்டு.

இதன் விளைவு ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரே நூலின் இரு பிரதிகளில் ஒரே பறவை சற்றே வேறுபட்ட நிறத்துடன் இருக்கும். ஒரு கையில் பச்சை சற்று அழுத்தம். மற்றொரு கையில் மஞ்சள் சற்று மிகுதி. அச்சு என்ற பெயரைத் தாங்கினாலும், ஒவ்வொரு தாளும் ஒருவர் உட்கார்ந்து உழைத்த தனிப்படம். வண்ணந்தீட்டியோருள் மிகப் பலருடைய பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

தோலைக் கண்டு வரைந்தவர்கள்

இப்படங்கள் புகழ் பெற்ற வரலாறு லண்டனில் தொடங்குகிறது. 1830ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞர் எட்வர்ட் லியர் அங்குள்ள உயிர்க்காட்சிச் சாலையில் கிளிகளை நேரே பார்த்துக் கல்லில் வரையத் தொடங்கினார். 1832க்குள் 42 படங்கள் வெளிவந்தன. அச்சிட்டவை 175 பிரதிகளே. பிற்காலத்தில் நகைச்சுவைப் பாடல்களால் புகழடைந்த லியர், 1873 முதல் 1875 வரை இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். டெல்லியின் பழைய கட்டடங்களையும் வரைந்தார்.

அதே 1830இல், இமயமலைப் பறவைகளின் பதப்படுத்திய தோல்கள் லண்டன் விலங்கியல் சங்கத்தை அடைந்தன. சங்கத்தில் பறவைகளைப் பாடம் செய்துவந்த ஜான் கூல்ட், அவற்றை நூலாக்கத் துணிந்தார். அவர் குறிப்புச் சித்திரம் கொடுக்க, அவருடைய மனைவி எலிசபெத் கூல்ட் கல்லில் வரைந்தார். 80 படங்களில் நூறு பறவைகளைக் காட்டிய அந்த நூல் கூல்டின் புகழுக்கு அடிகோலியது. எலிசபெத் அம்மையார் 1841இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். அழகிய தேன்சிட்டு ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கூல்ட் பின்னர் ஆசியப் பறவைகளைப் பற்றி 1850இல் தொடங்கிய பெருநூல் 35 பகுதிகளாக, 530 படங்களுடன் 1883இல்தான் நிறைவுற்றது. அவர் 1881இல் காலமானதால், எஞ்சியதை ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் முடித்துவைத்தார்.

எலிசபெத் அம்மையார் இமயத்தைக் கண்டவரல்லர். அவர் முன் இருந்தவை பஞ்சடைத்த தோல்கள். இறந்த பறவையின் இறகு நிறம் நெடுநாள் நிற்கும். ஆனால் விழியின் நிறமும், கால், அலகு ஆகியவற்றின் நிறமும் விரைவில் மாறிவிடும். பறவை கிளையை எவ்வாறு பற்றும், வாலை எவ்வாறு தாழ்த்தும் என்பதைத் தோல் சொல்லாது. அவற்றைச் சொல்ல, பறவை வாழும் நாட்டில், புதிதாகப் பிடித்த பறவையைக் கையில் வைத்துக்கொண்டு வரையும் ஒருவர் வேண்டும். அத்தகையவர்கள் நம் சென்னையில் இருந்தார்கள்.

சென்னையில் பிறந்த நூல்

தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1836ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் படைப்பணியில் சேர வந்து இறங்கினார். பணி அவரைப் பல ஊர்களுக்கு இட்டுச் சென்றது. சென்ற ஊர்களில் எல்லாம் பறவைகளைச் சேகரித்தார். தென்னாட்டுப் பறவைகளின் பட்டியல் ஒன்றை 1839, 1840ஆம் ஆண்டுகளில் சென்னையில் வெளியான இலக்கிய, விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். நீலகிரியின் சோலைக்காடுகளில் மட்டுமே காணக்கூடிய சிரிப்பான் குருவியையும், மேற்குத் தொடர்ச்சி மலைகளின் உயர்ந்த சோலைகளில் வாழும் கறுப்பும் செம்மஞ்சளும் கொண்ட சிறிய ஈப்பிடிப்பானையும் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே.

சொல்லால் மட்டும் ஒரு பறவையை அடையாளம் காட்டுவது எளிதன்று. 'முதுகு பழுப்பு, வயிறு வெளுப்பு' என்றால் எத்தனையோ பறவைகள் அந்த வரியில் அடங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க அந்நாளில் சென்னையில் பெரிய அருங்காட்சியகம் இல்லை. ஆகவே ஜெர்டன் படநூல் ஒன்றை வெளியிட்டார். 1843இல் தொடங்கி 1847இல் நிறைவெய்திய அந்நூல் ஐம்பது பறவைகளின் வண்ணக் கல்லச்சுப் படங்களைக் கொண்டது. புதியனவும், அதுவரை எவரும் படமாகத் தராதனவுமான பறவைகள், பெரும்பாலும் தென்னிந்தியாவைச் சேர்ந்தவை என்று அதன் பெயர்ப் பக்கமே கூறுகிறது. நூல் அச்சானது சென்னையில், பி. ஆர். ஹண்ட் நடத்திய அமெரிக்க மிஷன் அச்சகத்தில். இந்தப் பெயர் தமிழறிந்தோர் சிலருக்கு முன்பே பழக்கமாக இருக்கும். 1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை அச்சிட்டதும் அதே ஹண்ட் அச்சகந்தான். தமிழ்ச் சொற்களைத் திரட்டித் தந்த அச்சகம், அதற்கு முன்னரே தமிழ்நாட்டுப் பறவைகளைத் திரட்டிய நூலையும் தந்திருக்கிறது.

ஜெர்டன் நூலின் படங்களுக்கு மூல ஓவியங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். வேடர் பிடித்துக் கொணர்ந்த பறவையை, இறகின் ஈரம் உலருமுன் பார்த்து வரையும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. லண்டனில் தோலை நோக்கி வரைந்தவர்களுக்கு இல்லாத வாய்ப்பு அது. ஆயினும் நூலின் பெயர்ப் பக்கம் ஜெர்டன் பெயரை மட்டுமே தாங்குகிறது.

இதில் ஜெர்டனைக் குறைகூறி நின்றுவிடுதல் முறையன்று. பின்னர் 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலில், பறவைகளுக்கு வழங்கும் தமிழ், தெலுங்கு, இந்தி முதலிய நாட்டுப் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தார். நம் வேடரும் உழவரும் வாய்மொழியாக வைத்திருந்த பெயர்கள் விஞ்ஞான நூலில் ஏறியது அவரால். பெயர்களைக் காத்தவர், பெயர் சொன்னவரையும் படம் வரைந்தவரையும் காக்கவில்லை. அந்தக் காலத்தின் வழக்கம் அது.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

அது மாற்ற இயலாத வழக்கமும் அன்று. சில சான்றுகளைக் காண்போம்.

1777 முதல் 1783 வரை கல்கத்தாவில், தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே, தம் வீட்டில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் ஓவியமாக்கினார். ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற பாட்னா ஓவியர் மூவரின் பெயர்கள் அவ்வோவியங்களிலேயே எழுதப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் ஜான் லாதம் என்ற பறவை அறிஞர் அவ்வோவியங்களைப் பார்த்தே பல இந்தியப் பறவைகளை விவரித்தார். நம் ஓவியனின் தூரிகை விஞ்ஞானத்துக்குச் சான்றாக நின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டா.

ஜெனரல் தாமஸ் ஹார்ட்விக் சேகரித்த ஓவியங்களிலிருந்து 1830 முதல் 1835 வரை லண்டனில் வெளிவந்த இந்திய விலங்கியல் படநூலில் 202 படங்கள் உள்ளன. அவற்றின் மூல ஓவியங்கள் பெரும்பாலும் இந்தியர் வரைந்தவை. அவர்களுள் மிகப் பலர் பெயரின்றியே மறைந்தனர்.

இனிச் சென்னைக்கே திரும்புவோம். ஜெர்டன் நூல் வெளிவந்த அதே காலத்தில், ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு மாபெரும் கல்லச்சு நூலை வெளியிட்டார். 1838 முதல் 1853 வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றின் அடியில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்கள் மீண்டும் மீண்டும் அச்சாகியுள்ளன. வைட் அத்தோடு நிற்கவில்லை. ஆர்க்கிட் வகையைச் சேர்ந்த செடி ஒன்றுக்கு 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியர் பெயரையே சூட்டினார். ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே ஆண்டுகள், ஒரே கலை. பூவை வரைந்தவர் பெயர் நிலைத்தது. பறவையை வரைந்தவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நூலாசிரியர் ஒருவரின் மனம் வைத்த இடத்தில் வரலாறு திரும்பியது.

அச்சேறாத ஓவியத்தின் கதை வேறு. சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவி எலிசபெத் க்வில்லிம், 1801 முதல் 1807இல் மறையும் வரை சென்னையில் வாழ்ந்து, நம் பறவைகளை உயிரளவை ஒட்டிய பெரிய ஓவியங்களாகத் தாமே தீட்டினார். பறவை பிடிப்போர் உயிருடன் கொணர்ந்தவற்றைப் பார்த்து வரைந்தமையால், அவற்றில் வியக்கத்தக்க உண்மை தெரிகிறது. ஆனால் அவை அச்சேறவில்லை. 1924இல் கேஸி உட் என்ற அறிஞர் லண்டனில் அவற்றைக் கண்டு வாங்கும்வரை உலகம் அவ்வம்மையாரை அறியவில்லை. இன்று அவை கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கல்லச்சு எதைச் செய்தது என்பது இங்கே விளங்கும். ஒரே பிரதியாக உள்ள ஓவியம் பெட்டிக்குள் உறங்கிவிடலாம். நூறு பிரதியாகப் பெருகிய படம் ஓர் இடத்தில் அழிந்தாலும் மற்றோர் இடத்தில் வாழும். கல்கத்தா அறிஞரும் லண்டன் அறிஞரும் ஒரே பறவையைப் பார்த்துப் பேச அது வகை செய்யும்.

கூடத்துச் சுவரும் தீப்பெட்டியும்

வண்ணத்தையும் கல்லாலேயே அச்சிடும் முறைக்கு, பிரெஞ்சு நாட்டின் கோட்ப்ராய் எங்கெல்மான் 1837இல் உரிமை பெற்றார். நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களை அடுத்தடுத்து அழுத்துவது இம்முறை. 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஹியூம், மார்ஷல் இருவரின் இந்திய வேட்டைப் பறவை நூல் இவ்வகையைச் சேர்ந்தது. இந்த ஹியூம்தான் 1885இல் இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர். அந்நூலின் பல படங்கள் தமக்கு நிறைவளிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். வேகமும் மலிவும் வந்தபோது, கையின் நுட்பம் சற்றுக் குறைந்தது.

ஆயினும் அந்த வண்ணக் கல்லச்சே எளியோர் வீட்டுக்குள்ளும் படத்தைக் கொண்டுவந்தது. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வந்த சரஸ்வதி படத்தை நம் பாட்டனார் காலத்துக் கூடங்களில் கண்டவர்கள், தேவியின் அருகே நிற்கும் மயிலையும் நினைவுகூர்வார்கள். பின்னர் சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டிய வண்ணச் சீட்டுகளில் கிளியும் மயிலும் சேவலும் வந்து அமர்ந்தன. இன்று நாளேடும் நாட்காட்டியும் அச்சாகும் ஆப்செட் முறையிலும் அதே எண்ணெய்-நீர்ப் பகையே வேலை செய்கிறது. கல்லுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு என்பதே வேறுபாடு.

உண்மையை அறியும் வழி

இனி அன்பரின் மூன்றாம் வினாவுக்கு வருவோம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும்.

முதலாவது, நிழலைப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வலைபோல் அமைந்திருந்தால் அது பிற்காலத்து அச்சு. பழைய கல்லச்சில் ஒழுங்கற்ற மணிமணியான தன்மை தெரியும். சொரசொரப்பான தாளில் கரிக்கோலால் தேய்த்தாற்போல் இருக்கும்.

இரண்டாவது, வண்ணத்தின் ஓரத்தைப் பாருங்கள். கையால் தீட்டிய வண்ணம் சில இடங்களில் கோட்டை மீறும். சில இடங்களில் கோட்டை எட்டாமல் நிற்கும். நீர்வண்ணம் உலரும்போது ஓரத்தில் சற்று அடர்ந்து நிற்பதும் உண்டு. தாளைச் சாய்த்துப் பார்த்தால், கண்மணியில் பிசினின் பளபளப்புத் தெரியலாம்.

மூன்றாவது, படத்தைச் சுற்றிப் பாருங்கள். செப்புத் தகட்டில் அச்சிட்டால் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். கல்லச்சில் அத்தகைய பள்ளம் இராது. 1827 முதல் 1838 வரை வெளிவந்த ஆடுபனின் புகழ்மிக்க அமெரிக்கப் பறவை நூலின் முதற் பதிப்பு செப்புத் தகட்டு அச்சு. அதைக் கல்லச்சு என்று எவரேனும் விற்க வந்தால் ஐயுறுதல் நன்று.

நான்காவது, அடியில் உள்ள சிற்றெழுத்துக்களைப் படியுங்கள். ஒரு பெயருடன் 'டெல்' என்று சுருக்கமாக இருந்தால் அவர் வரைந்தவர். 'லித்' என்றால் கல்லில் ஏற்றியவர். 'இம்ப்' என்றால் அச்சிட்டவர். பலர் லத்தீன் பெயரைப் படித்துவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். படத்தில் உழைத்த மனிதரின் பெயர் இருந்தால், இருக்கும் இடம் அதுதான்.

பிற்கால மறு அச்சை வாங்குவதில் தவறில்லை. அதுவும் கண்ணுக்கு இனிது, விலையும் குறைவு. பழமை என்று சொல்லிப் புதுமையை விற்பதே தவறு. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. உண்மையான பழைய நூல்களைப் பிரித்து, படங்களை ஒவ்வொன்றாக அறுத்து விற்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. ஐம்பது படங்களும் ஐம்பது சுவர்களுக்குப் போகின்றன. பறவை எந்தக் காட்டில் கிடைத்தது, நாட்டார் அதை என்ன பெயரால் அழைத்தனர் என்று சொல்லும் பக்கங்கள் குப்பைக்குப் போகின்றன. படம் அழகாகத் தொங்குகிறது. அதன் வரலாறு அறுந்துவிடுகிறது. ஆகவே முழு நூலாக இருப்பதைப் பிரிக்கச் சொல்லி வாங்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி. உதிரிப் படம் ஏற்கெனவே நம்மிடம் வந்திருந்தால், அது எந்த நூலின் எத்தனையாவது படம் என்று கண்டு சட்டத்தின் பின்புறம் எழுதி வைப்பது இரண்டாவது உதவி. கூல்டின் நூல்கள் உள்ளிட்ட பழைய பறவை நூல்கள் பலவற்றை இன்று இணைய நூலகங்களில் விலையின்றிப் பக்கம் பக்கமாகக் காணலாம் என்பதால், இது எவருக்கும் இயலும்.

காக்கும் முறையும் எளிது. நேர்வெயில் படும் சுவரில் படத்தை மாட்டலாகாது, நீர்வண்ணம் வெளிறிவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரும் ஆகாது. தாளில் துருநிறப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் இடைவெளி விட்டு, அமிலமற்ற அட்டையில் சட்டமிடச் சொல்லுங்கள். ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறை பொதிவதும் படத்துக்குப் பகை. ஆண்டுக்கொரு முறை பின்புறத்தைப் பார்த்தால், ராமபாணப் பூச்சியின் வேலை தொடங்குமுன் தடுத்துவிடலாம்.

ஒரு செய்தி கூறி முடிப்போம். கல்லச்சுக்குக் கல் தந்த அதே ஸோல்ன்ஹோபன் சுண்ணாம்புப் பாறைகளில், 1861ஆம் ஆண்டில் ஒரு தொன்மையான இறகின் பதிவு வெளிப்பட்டது. சுமார் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதிப் பறவையின் சான்று அது. அச்சுக்கல்லில் கிடைத்தமையால், அந்தக் கல்லின் பெயரையே அறிஞர்கள் அதன் விஞ்ஞானப் பெயரில் சேர்த்தனர். பறவை கல்லில் படிவது மனிதன் வரைந்ததற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே நிகழ்ந்திருக்கிறது.

கல் பறவையை மறக்கவில்லை; வரைந்த கையை மறந்தது மனிதரே. லோதி ரோட்டில் அடுத்த முறை அத்தகைய படமொன்றின் முன் நிற்கும்போது, பறவையைப் பார்த்தபின் அடியில் உள்ள சிற்றெழுத்தையும் நாம் குனிந்து படிப்போம். நம் நாட்டார் பெயர் அங்கே இருந்தால் வாய்விட்டுச் சொல்வோம். இல்லையேல், உடன் நிற்கும் நம் குழந்தைக்கு அந்தப் பறவையின் தமிழ்ப் பெயரையேனும் சொல்லிக் கொடுப்போம். மறுநாள் விடியற்காலையில் லோதி தோட்டத்துப் புல்வெளியில் அது நடந்து வரும்போது, 'கொண்டலாத்தி' என்று குழந்தை அழைத்தால், பெயரின்றி மறைந்த அந்த ஓவியர்களின் உழைப்பில் ஒரு பங்கேனும் நம் வீடு வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.